முள்ளங்கியைப் புதைக்கும் மனிதர்

வேரைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர்கள் பேராக் மாநிலத்திலேயே இரண்டு பேர்தான், அதில் ஒருவர் காலமாகிவிட்டார் என்று பெத்தபெருமாள் சொன்னார். காலமானவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மிச்சமிருப்பவர் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. குனோங் ராபாட் கோப்பிக் கடையில், நவம்பர் மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அவர் குடியிருந்த தாமானின் பொங்கல் குழுவைச் சேர்ந்த ஏழு பேர் முன்னிலையில் இது சொல்லப்பட்டது. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ரொட்டி சானாயைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. லகாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு செட்டியார் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் ரப்பர் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டவர் அவர். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் விதை போட்டு, முளைக்க வைத்து, ஒட்டுக் கட்டி, பையோடு கொண்டுபோய் நட்ட கன்றுகள் நாலு லட்சம் இருக்கும். அந்தத் தோட்டம் விற்கப்பட்டு இப்போது அங்கே ஒரே மாதிரியான அறுநூறு வீடுகள் நிற்கின்றன. அவற்றையும் யாரோ பையில் வளர்த்துத்தான் வரிசையாக நட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து.

தாமான் பொங்கலில் ஒரு வழக்கம் உண்டு. மண்டப வாசலில் அறுபது பேருக்கு அண்டாவில் சாம்பார் கொதிக்கும். யார் வீட்டுத் தோட்டத்துக் காய் அந்த அண்டாவில் விழுகிறதோ, அவர்தான் முதல் கரண்டி போட்டுக் கிளற வேண்டும். கிளறி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "ம்" என்று சொல்ல வேண்டும். அந்த "ம்" வந்த பிறகுதான் இலை போடுவார்கள். பதினொரு வருஷமாக அந்த "ம்" பெத்தபெருமாளுடையது. ஆறு வருஷம் கத்திரிக்காய், ஐந்து வருஷம் பூசணிக்காய். தோட்டம் போன பிறகு அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பதவி அது.

சென்ற பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு இராசையா ஒரு சின்னச் சட்டியில் முள்ளங்கிக் கறி கொண்டுவந்திருந்தார். வீட்டில் விளைந்தது என்றார். ஆளுக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது. ஆனால் பத்து மாதமாகியும் அந்தத் துண்டைப் பற்றித் தாமானில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷம் முள்ளங்கி சாம்பார். முழுக்க முழுக்க நம்ம வீட்டுது," என்றார் பெத்தபெருமாள்.

குழுவின் செயலாளர் மகேந்திரன் தயங்கினார். "அண்ணே, நீங்க முள்ளங்கி போட்டதே இல்லையே. பத்தலன்னா கேமரன் மலை முள்ளங்கி வாங்கிக்கலாம்லா."

"வாங்குன முள்ளங்கி ஒரு துண்டு அண்டாவுல விழுந்தாலும் நான் கரண்டியத் தொடமாட்டேன். எழுதிக்க."

மகேந்திரன் எழுதிக்கொண்டார். அதாவது, கைப்பேசியில் தட்டித் தாமான் வாட்சாப் குழுவுக்கு அனுப்பினார். எண்பத்திரண்டு பேர் படித்தார்கள். இராசையா மட்டும் ஒரு கட்டைவிரல் படம் போட்டார்.

பெத்தபெருமாளுக்கு அந்தக் கட்டைவிரலில் இருந்துதான் சந்தேகம் தொடங்கியது.

இராசையா யாழ்ப்பாணத்து வம்சம். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் சித்தியவானிலிருந்து இங்கே குடிவந்தார். இரண்டு வீட்டுப் பக்கவாட்டு நிலத்துக்கும் நடுவே இடுப்பளவு கம்பி வேலி. அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவர்களிடம் பேசுவதற்கு ஏதோ இருக்கிறது, அதைத்தான் மறைக்கிறார்கள் என்பது பெத்தபெருமாள் அனுபவத்தில் கண்ட உண்மை.

அடுத்த நாள் காலை இராசையா தன் நிலத்தில் கயிறு கட்டி, அலுவலகத்திலிருந்து வந்த பழக்கமோ என்னவோ, அளவு நாடாவை நீட்டி வைத்து, மண்டியிட்டுக்கொண்டிருந்தார். விரலால் ஒரு குழி. இரண்டு விதை. ஒரு சாண் தள்ளி அடுத்த குழி. பெத்தபெருமாள் வேலியோரம் வந்து நின்றார்.

"ராசையா சார், என்ன பண்றீங்க?"

"முள்ளங்கி விதை போடுறன் அண்ணே."

"நேரா மண்ணுலயா?"

"வேற எங்க போடுறது?"

பெத்தபெருமாள் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "கோழிக்குத் தீனி போடுற மாதிரில்ல இருக்கு. நாத்து இல்ல, பை இல்ல. பொறந்த பிள்ளைய ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா ஆபீஸுக்கு அனுப்புவாங்களா?"

"முள்ளங்கிக்கு இடம் மாத்தினாப் பிடிக்காதெண்டு விதைப் பொட்டலத்தில போட்டிருக்கு."

"பொட்டலம் எந்த எஸ்டேட்டுல வேலை செஞ்சுச்சு?"

இராசையா கையிலிருந்த மண்ணைத் தட்டினார். பொட்டலத்தை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தார். ஒருவேளை எஸ்டேட் பெயர் போட்டிருக்குமோ என்று தேடுவதுபோல் இருந்தது. பிறகு அடுத்த குழி தோண்டினார்.

பெத்தபெருமாள் முறையாகச் செய்தார். நூற்றிருபது கறுப்புப் பைகள். சலித்த மண், மக்கிய கோழி எரு, மேலே நிழல் வலை. வரிசைக்குப் பத்து வீதம் பன்னிரண்டு வரிசை. தினமும் காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அவர் முள்ளங்கிக்கும் பெரட்டு வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, முளைக்காத பை முன்னால் நின்று அதை ஒரு பார்வை பார்ப்பார். மறுநாள் அது முளைத்துவிடும்.

"பேர் கூப்பிடுறது ஒண்ணுதான் பாக்கி," என்றாள் அவருடைய மனைவி விசாலி, சமையலறை ஜன்னலிலிருந்து.

பதினாறாம் நாள் நாற்றுகளைப் பையிலிருந்து எடுத்துப் பாத்தியில் நட்டார். மூன்று நாள் தலை தொங்கின. பிறகு நிமிர்ந்தன. நிமிர்ந்தவை நிற்கவில்லை. கோழி எருவைத் தின்று, டிசம்பர் மழையைக் குடித்து, முழங்கால் உயரத்துக்கு இலை விட்டன. ஓர் இலையைப் பிடித்து ஓரளவு தூறலில் நனையாமல் கோப்பிக் கடை வரை போய்வரலாம். அவர் படம் எடுத்துக் குழுவில் போட்டார். "இன்னும் முப்பது நாள்" என்று எழுதினார். நாற்பது பேர் கை கூப்பினார்கள். இராசையா மறுபடியும் கட்டைவிரல்.

சந்தேகம் தனியாக வளர்வதில்லை. அதற்கும் எரு வேண்டும். இராசையா அதைத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் சாக்கு. விதைப்பதற்கு முந்திய வாரமே ஒரு விடிகாலையில் இராசையா காரிலிருந்து ஆறு சாக்குகளை இறக்கியதைப் பெத்தபெருமாள் பார்த்திருந்தார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொண்டார். விசாரித்ததில், லகாட்டில் பழைய ஈயச் சுரங்கத்து மணல் என்றார் இராசையா. மண் பொலபொலவென்று இருக்க வேண்டுமாம். மணலில் முள்ளங்கி போடுகிறவன் யார்? மணலில் ஒரு பொருளைச் சுலபமாகப் புதைக்கலாம், சுலபமாக எடுக்கலாம். மணலுக்கு அதைத் தவிர வேறு குணம் இருப்பதாகப் பெத்தபெருமாளுக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் இராசையா நன்றாக முளைத்து நின்ற செடிகளில் பாதியைத் தானே பிடுங்கி எறிந்தார். ஒவ்வொரு குழியிலும் இரண்டு முளைத்திருந்தன. ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தார்.

"ஏன் சார், நோயா?"

"இல்ல அண்ணே. நெருக்கமா இருந்தா ரெண்டும் கெட்டுப்போம்."

நல்ல செடியைப் பிடுங்குகிறவனுக்கு முள்ளங்கி வேறு எங்கிருந்தோ வருகிறது. இதைப் புரிந்துகொள்ள நாலு லட்சம் கன்று வளர்த்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

விதைத்து முப்பத்தைந்தாம் நாள், இராசையா வீட்டு மணலைப் பிளந்துகொண்டு வெள்ளைத் தோள்கள் வெளியே வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, முப்பத்தெட்டு. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. பெத்தபெருமாள் தன் பாத்திக்குப் போய் இலைகளை விலக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஒழுங்காக வளர்க்கப்பட்ட முள்ளங்கி அடக்கமாகத்தான் இருக்கும், வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொள்ளாது என்று தேற்றிக்கொண்டார்.

அன்று முதல் மாடிக் குளியலறை அவருடைய காவல் கோபுரம் ஆனது. வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி நின்றால், காற்றுப் போகும் ஜன்னல் வழியாக இராசையாவின் பாத்தி முழுவதும் தெரியும்.

"உள்ள ஒரு மணி நேரமா என்ன பண்றீங்க?" என்று கதவைத் தட்டினாள் விசாலி.

"வயிறு சரியில்ல."

வயிறு இரண்டு வாரமாகச் சரியில்லாமல் இருந்தது. விசாலி காரத்தை நிறுத்தினாள். காலையில் கோப்பியை நிறுத்திவிட்டு, பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தாள். அவர் மறுக்காமல் குடித்தார். உண்மையைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டவர்கள் இதைவிடப் பெரிய கஷ்டங்களைப் பட்டிருக்கிறார்கள்.

மோருக்குப் பலன் கிடைத்தது. ஜனவரி முதல் வாரம், ஒரு பெரிய மழை விட்ட சாயங்காலம், குன்றுகள் கழுவி வைத்தாற்போல நின்றன. இராசையா கைக்கூடையோடு பாத்திக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்தார். ஒரு வெள்ளை முள்ளங்கியின் கழுத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் கூடையிலிருந்து மண்ணை எடுத்து அதைச் சுற்றிப் போட்டு, அழுத்தி, மூடினார். அடுத்த முள்ளங்கிக்கு நகர்ந்தார். அதையும் மூடினார்.

பெத்தபெருமாள் வாளியிலிருந்து விழப் பார்த்தார்.

"புதைக்கிறான்," என்றார், இறங்கி வந்து.

"யாரு?" என்றாள் விசாலி.

"ராசையா. வாங்கிட்டு வந்து புதைக்கிறான். என் கண்ணால பார்த்தேன். கழுத்தப் பிடிச்சு, மண்ணப் போட்டு. பொங்கலன்னிக்கு எல்லாரையும் கூப்பிட்டு முன்னாடி நின்னு பிடுங்குவான். வெக்கங்கெட்ட வேலை. காசு குடுத்து வாங்குன முள்ளங்கியப் புதைக்கிறவன் மனுஷனா?"

"இவ்வளவு தெரியுதே, வயிறு எப்படி இருக்கு?"

"இப்ப பரவால்ல."

ஆதாரம் போதவில்லை. மறுநாள் காலை குனோங் ராபாட் சந்தைக்குப் போனார். கேமரன் காய்கறி விற்கும் சீன அக்காவிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தார். கண்ணாடி போட்ட, உயரமான, பேசாத ஒருவர் வெள்ளை முள்ளங்கி வாங்கினாரா, மூட்டையாக?

"தா அடா," இல்லை என்று தலையாட்டினாள் அவள். அவரைத் தெரியும், வாரா வாரம் வருவார், தவ்கே என்னும் பயறு முளை மட்டும்தான் வாங்குவார், முள்ளங்கி ஒன்றுகூட வாங்கியதில்லை.

பெத்தபெருமாள் வீட்டுக்குத் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தார். வாராவாரம் சந்தைக்கு வருகிற மனிதர் ஒரு முள்ளங்கிகூட வாங்காமல் இருப்பது இயற்கையாக இல்லை. வேண்டுமென்றே வாங்காமல் இருந்திருக்கிறார். அப்படியென்றால் வேறு சந்தை. இவ்வளவு முன்யோசனை உள்ளவர் சித்தியவானிலிருந்தே தருவித்திருப்பார்.

இனி ஒரே வழிதான். வேர் பொய் சொல்லாது. கடை முள்ளங்கிக்குக் கழுவின உடம்பு, வெட்டின வால். விளைந்த முள்ளங்கிக்கு நூல் மாதிரி முனை, பக்கத்தில் மயிர் வேர், அதில் மண். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் முடிந்தது. பிறகு மகேந்திரனைக் கூப்பிடலாம், குழுவைக் கூட்டலாம்.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, இராசையாவும் அவர் மனைவி புஷ்பராணியும் கோயிலுக்குக் காரில் போனார்கள். கார் முனை திரும்பும்வரை பெத்தபெருமாள் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு வேலியில் வயிற்றைச் சாய்த்து, கையை நீட்டி, வேலியோரம் இருந்த முள்ளங்கியின் கழுத்தைப் பிடித்தார்.

அது வரவில்லை.

புதைத்த பொருள் இப்படிப் பிடித்துக்கொள்ளாது. இந்த எண்ணத்தை அவர் உடனே ஒதுக்கிவிட்டு இன்னும் பலமாக இழுத்தார். மணல் ஒரு பெருமூச்சு விட்டது. முள்ளங்கி வெளியே வந்தது. முழங்கை நீளம். நேராக, ஒரு கோணல் இல்லாமல் இறங்கி, கடைசியில் நூலாகி, அந்த நூலும் அறுபடாமல் ஒரு சாண் நீளத்துக்கு ஆடியது. பக்கமெல்லாம் மயிர் வேர். ஒவ்வொரு வேரிலும் மணல்.

பெத்தபெருமாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோப்பிக் கடையில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் ஒரு வேர் முனையைப் பார்த்து அவரால் பொய் சொல்ல முடியாது. அது அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்தது. மழை கழுவித் தோள் தெரிந்ததால் அந்த மனுஷன் வெயில் படாமல் மண் அணைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

தெருவில் ஒரு கார் சத்தம் கேட்டது. அவர் கை தானாக வேலை செய்தது. முள்ளங்கியை வந்த குழியிலேயே இறக்கினார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மண்ணைச் சுற்றிப் போட்டு, அழுத்தி, மூடினார்.

வந்தது பால்காரர் கார்.

மத்தியானம் வெயில் ஏறியதும் முப்பத்தேழு செடிகள் நிமிர்ந்து நின்றன. வேலியோரத்தில் ஒன்று மட்டும் துவண்டு தரையில் படுத்தது. சாயங்காலம் இராசையா வேலிக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு விஷயம். ஒரு முள்ளங்கிய ஏதோ பிடுங்கியிருக்கு."

"அப்படியா."

"பிடுங்கிப்போட்டுத் திருப்பி நட்டும் வைச்சிருக்கு."

பெத்தபெருமாள் செம்பருத்தியைப் பார்த்தார். "முசாங்கா இருக்கும், மரநாய். இந்தக் குன்றுப் பக்கம் முசாங் ஜாஸ்தி."

"முசாங் மண் அணைக்குமோ?"

"வயசான முசாங்னா அணைக்கும்."

இராசையா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையில் பெத்தபெருமாளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருந்தது. இரண்டு வாரமாக அவரே வாளி மேல் நின்று அப்படித்தான், சந்தேகத்தோடு, பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம், இருக்கும்," என்றார் இராசையா. "கூண்டு ஒண்டு வாங்கி வைக்கவேணும்."

உள்ளே வந்ததும் விசாலி மோரை நீட்டினாள்.

"முசாங்க நானும் பார்த்தேன். கைலி கட்டியிருந்துச்சு."

அவர் மோரைக் குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே தன் பாத்திக்குப் போனார். முதல் வரிசையின் முதல் செடி, தினமும் பெரட்டில் முதலில் நின்றது. பிடித்து இழுத்தார். இழுக்கவே தேவையில்லாமல் வந்தது. இலை மூன்று கிலோ இருக்கும். அதன் கீழே விரல் தடிமனில் ஒரு கழுத்து. கழுத்துக்குக் கீழே இரண்டு கால்கள், ஒன்றின் மேல் ஒன்று போட்டு உட்கார்ந்திருப்பதுபோல. அடுத்ததற்கு மூன்று கால். அதற்கடுத்தது வேட்டியை மடித்துக் கட்டி ஓடப் பார்த்தது. வரிசை முழுக்கப் பிடுங்கினார். நேராக நின்றது ஒன்றும் இல்லை.

ஒன்றை எடுத்துக் கழுவி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கே பிரிந்திருக்கிறது என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. பையின் அடியை வேர் தொட்ட இடம். அங்கே அது வளைந்திருக்கிறது. வளைந்ததை அவர் பிடுங்கி நட்டபோது முனை அறுந்திருக்கிறது. ரப்பர் கன்றில் ஆணிவேர் வளைந்தால் கன்றைத் தூக்கி எறியச் சொல்வார். வளைத்து நட்டவனுக்கு அன்றைய பெரட்டிலேயே திட்டு விழும். ரப்பரில் அந்த வேர் மண்ணுக்குள் போய் மறைந்துவிடும், மரத்தைத் தாங்குவது மட்டும்தான் அதன் வேலை. முள்ளங்கியில் சாப்பிடுவதே அந்த வேரைத்தான். இவ்வளவு சின்ன விஷயம் முப்பத்தொரு வருஷ அனுபவத்துக்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது.

விசாலி வந்து குவியலைப் பார்த்தாள். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது தோளில் தெரிந்தது.

"இதுக்குக் கால்சட்டை தைக்கலாங்க."

"நாளைக்குச் சந்தைக்குப் போறேன்," என்றார் அவர்.

போனார். சீன அக்காவின் கடையில் கேமரன் முள்ளங்கி மலையாகக் குவிந்திருந்தது. நாற்பது எடுத்தால் போதும். பொங்கலுக்கு முந்திய நாள் விடிகாலையில் பாத்தியில் இறக்கி, மண் அணைத்து, ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டால் எண்பத்திரண்டு பேர் பார்ப்பார்கள். அந்த அக்காவும் பெரிதாக ஒரு பையைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றாள். அவர் ஒன்றைக் கையில் எடுத்தார். கழுவின உடம்பு. வெட்டின வால். வால் இருந்த இடத்தில் ஒரு வட்டம், அவரையே பார்த்தது.

வைத்துவிட்டுத் தவ்கே வாங்கிக்கொண்டு திரும்பினார்.

வீட்டுக்குள் போகவில்லை. நேராக வேலிக்குப் போனார். இராசையா கூண்டைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பொங்கல் அண்டாவுக்கு உங்க முள்ளங்கியக் குடுங்க."

இராசையா கூண்டுக் கம்பியை விடவில்லை. "உங்கட நூத்திருபது?"

"அது கீரைக்குப் போட்டது."

"ஓ."

"கேட்டா சொல்லுவேன்லா. கீரைக்குப் போட்டதுன்னு."

"ஓம் அண்ணே. நல்ல கீரை. இங்கயிருந்து பார்க்கேக்க நானே பயந்துபோனன்." இராசையா கூண்டுக் கதவை ஒரு முறை மூடித் திறந்தார். "அப்ப முதல் கரண்டி?"

"காய் யாருதோ அவருது. அதான் வழக்கம்." இதைச் சொல்வதற்கு அவருக்கு ரொட்டி சானாயைக் கீழே வைக்க வேண்டியிருக்கவில்லை. கையில் தவ்கே பைதான் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு, போகத் திரும்பியவர் நின்றார். "அந்தக் கூண்டத் திருப்பிக் குடுத்துடுங்க. முசாங் இனிமே வராது."

"நிச்சயமா?"

"அதுக்கு வயிறு சரியாயிடுச்சு."

பொங்கலன்று மண்டப வாசலில் முப்பத்தேழு முள்ளங்கியும், துவண்ட ஒன்றும் சேர்ந்து அண்டாவில் விழுந்தன. மகேந்திரன் கரண்டியைக் கொண்டுவந்து பழக்கத்தில் பெத்தபெருமாளிடம் நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையால் இராசையாவைக் காட்டினார். இராசையா கிளறினார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நல்லாயிருக்கு," என்றார் இராசையா.

யாரும் இலை போடவில்லை. இராசையா குழம்பிப்போய்ப் பெத்தபெருமாளைப் பார்த்தார். பெத்தபெருமாள் கூரையைப் பார்த்தார்.

"ம்," என்றார் இராசையா.

இலை விழுந்தது. அந்த "ம்" கொஞ்சம் நீளம் என்று பெத்தபெருமாளுக்குத் தோன்றியது. ஆனால் சாம்பாரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், இரண்டாவது முறை உறுதிசெய்துகொள்வதற்காக. விசாலி பாத்தியில் மிச்சமிருந்த செடி அத்தனையின் இலையையும் நறுக்கி, தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்திருந்தாள். அது சாம்பாருக்கு முன்பே தீர்ந்துபோனது. "பெத்தபெருமாள் அண்ணன் வீட்டுக் கீரை" என்று மகேந்திரன் குழுவில் படம் போட்டார். அதற்கும் இராசையா கட்டைவிரல் போட்டார். பெத்தபெருமாள் அந்தக் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்தார். இந்த முறை அது வெறும் கட்டைவிரல் போலவே இருந்தது. இருந்தாலும் முழுசாக நம்பிவிடவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இராசையாவின் கார் வெளியே போன பிறகு, பெத்தபெருமாள் பாத்திக்கு வந்தார். கறுப்புப் பைகளைக் கட்டி ஸ்டோரில் போட்டாயிற்று. பாத்தியில் புது மணல் கலந்திருந்தது. மணல் எங்கிருந்து வந்தது என்று விசாலி கேட்டதற்கு, லகாட் பக்கம் ஒரு வேலையாகப் போனேன் என்றார். வேலை என்ன என்று அவள் கேட்கவில்லை. கார் டிக்கியைக் கழுவியவள் அவள்தான்.

இரண்டு பக்கமும் பார்த்தார். மண்டியிட்டார். விரலால் ஒரு குழி. இரண்டு விதை. மண்ணைத் தள்ளி மூடினார். கையை விரித்து ஒரு சாண் வைத்து, அடுத்த குழி. ஏழாவது குழிக்கு வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். காரை எடுத்துக்கொண்டு போனது புஷ்பராணி என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"என்ன செய்யிறீங்கள் அண்ணே?"

பெத்தபெருமாள் நிமிரவில்லை.

"கோழிக்குத் தீனி போடுறேன்."

இராசையா பாத்தியைப் பார்த்தார். கோழி இல்லாத வீட்டைப் பார்த்தார். "ஒரு சாண் இடைவெளி விட்டோ?"

"ஒழுங்கான கோழி," என்றார் பெத்தபெருமாள், எட்டாவது குழியில் இரண்டு விதை போட்டுக்கொண்டே.